ஒன்பது கிராம்

சந்தகை சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன், சந்தகை முடிந்துவிட்டது, கை கழுவினதும் சொல்லலாம் என்று தள்ளினேன், கையும் கழுவியாகிவிட்டது, இப்போது அர்த்தநாரி மச்சான் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கரையிலிருந்து குளத்துக்குள் இறங்குகிறார், நான் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போகிறேன், வாய் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. குளம் என்றால் பெயருக்குத்தான். மூன்று வருஷமாகத் தண்ணீர் பார்க்காத தரை, தாராபுரம் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, வீடும் இல்லை கரண்டுக் கம்பியும் இல்லை, அதற்காகவே தேடிப் பிடித்த இடம். மணி ஏழரை. மார்கழிப் பனி இன்னும் தரையில் ஈரமாக இருக்கிறது, செருப்புக்குள் கால்விரல் விறைக்கிறது. மச்சான் என்றால் என் மனைவி வசந்தாமணியின் அண்ணன், ஐம்பத்தெட்டு வயது, கல்லூரி வேதியியல் லேபில் முப்பது வருஷம் தராசோடு குடித்தனம் நடத்தியவர், எதையும் எடை போட்டுத்தான் நம்புவார், உப்பைக்கூட. அவர் கையில் வெள்ளைத் துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு போகிறாரே, அதுதான் கிளைடர், காற்றில் மிதந்து இறங்குகிற குட்டி விமானம். இருநூற்று எண்பது கிராம். பதினோரு மாதம் உட்கார்ந்து செய்தார். அதன் வயிற்றுக்குள் விரல் தடிமனில் ஒரு ராக்கெட் மோட்டார், ஆறு செகண்ட் எரிந்து மேலே தூக்கிவிட்டு அணைந்துபோகும், அதற்கப்புறம் கீழே நிற்கிற நான் ரிமோட்டால் அதைப் பருந்து மாதிரி வட்டம் போடவைத்து இறக்க வேண்டும். அதன் வாலை நான் உடைத்துவிட்டேன். உடைத்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து, ஒன்றும் நடக்காதவன்போலத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதைத்தான் சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. வாலை உடைச்சுட்டேனுங்க மச்சான். வாயில் என்ன கொழுக்கட்டையா இருக்கிறது?

ராக்கெட்டைப் பற்றவைக்கும் முன்னால் கையால் வீசிப் பார்க்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் முதல் பாடம், மோட்டார் இல்லாமலே அது நேராக மிதந்து போகிறதா என்று. மச்சானுக்கு ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறது, மறு கண்ணுக்குத் தை மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள், அதனால் ஓட்டுகிற வேலை எனக்கு, வீசிப் பார்க்கிற வேலையும் எனக்கு. "இருபது தடவை வீசிப்போட்டு எனக்குச் சொல்லுங்க மாப்ள" என்று துணியோடு கொடுத்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மனை போட்டு விற்கிற காலி நிலம் இருக்கிறது, புல் நன்றாக இருக்கும், அங்கே போனேன். முதல் வீச்சு சரி. இரண்டாவது சரி. மூன்றாவதற்கு எனக்குத் திமிர் வந்துவிட்டது, வானத்தைப் பார்த்து வீசினேன், அது செங்குத்தாக ஏறி, நின்று, யோசித்து, பின்பக்கமாகவே சரிந்து ஒரு அளவுக்கல்லின் மேல் உட்கார்ந்தது. டிக் என்று ஒரு சத்தம், முறுக்கு உடைகிற சத்தம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா, சுற்றும் முற்றும் பார்த்தேன். யாராவது பார்த்தார்களா என்று. ஐம்பத்தோரு வயது ஆண்பிள்ளை. யாரும் இல்லை, ஒரு நாய் இருந்தது. வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் பக்கெட் ஒட்டுவதற்கு வைத்திருந்த இரட்டைக்குழாய்ப் பசையைத் தாராளமாகக் குழைத்துப் பூசினேன், நம்பிக்கை வராமல் மேலே நூல் சுற்றி இன்னொரு பூச்சு, காய்ந்ததும் ஆரஞ்சுப் பெயிண்ட். தடவிப் பார்த்தால் தெரியவில்லை. அதற்குள் மச்சான் போன் செய்து எப்படிப் போகுது மாப்ள என்று கேட்டார், இருபது தடவை வீசியாச்சுங்க, தேர் மாதிரி போகுது என்றேன். தேர் என்ற வார்த்தை எங்கிருந்து வந்ததோ. பொய் சொல்லும்போது மட்டும் எனக்கு உவமை தானாக வந்து நிற்கும். நான் பம்ப் கம்பெனியில் வார்ப்புகளைச் சோதிக்கிற ஆள், இருபத்தாறு வருஷ சர்வீஸ். வார்ப்பில் காற்றுக்குமிழி விழுந்து துளையாகிவிட்டால் சில பேர் அதை இரும்புப் பசையால் அடைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்து என் மேஜைக்கு அனுப்புவார்கள். நான் சின்னச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்திலேயே கண்டுபிடித்து, சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பியடிப்பேன், கூடவே மனசாட்சியைப் பற்றி ஒரு சொற்பொழிவு. இலவசமாக.

மச்சான் தரையில் முக்காலி மாதிரி ஒரு தாங்கியை விரித்து அதில் நீளமான கம்பியை நட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கம்பியில் சறுக்கித்தான் கிளைடர் மேலே கிளம்பும். வயரை இழுத்துக்கொண்டு பத்து அடி, இருபது அடி, முப்பது அடி பின்னால் வருகிறார், அடியையும் வாய்விட்டு எண்ணுகிறார். முப்பது அடி போதுமா? வியாழக்கிழமை வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார், "பார்க்கவும்" என்று ஒரே ஒரு வார்த்தையோடு. எந்த நாடோ, புல்வெளி, தொப்பி போட்ட கிழவர், கிளைடர் புஸ்ஸென்று கிளம்பி இரண்டு ஆள் உயரம் போகிறது, பிறகு நேரே போகாமல் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு, எரிகிற மோட்டாரோடு நின்றிருந்தவர்கள் மேலேயே வருகிறது. ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடுகிறார்கள். கீழே எழுதியிருந்தார்கள், வால்பக்கம் எடை கூடிப்போனதால் வந்த வினை என்று. அதை ஏழெட்டுத் தடவை பார்த்தேன். மோட்டாரை அணைக்க ஒரு பொத்தானும் கிடையாது, பற்றினால் பற்றினதுதான். அன்றிலிருந்து எனக்குப் பசையின் எடை மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, குழாயில் இருந்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, நூல் எவ்வளவு. தள்ளி நாலைந்து வெள்ளாடுகள் காய்ந்த கோரையை மேய்கின்றன, மேய்க்கிற அம்மாள் கரைமேல் உட்கார்ந்து போனில் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். மேலே வந்தால் யார்மேல் வரும், என் மேலா, மச்சான் மேலா, மச்சானுக்குச் சரியாகக் கண் தெரியாதே, எந்தப் பக்கம் ஓடுவார். "மாப்ள, பேலன்ஸ் பாத்தரலாமுங்களா" என்கிறார். செத்தேன். இரண்டு இறக்கைக்கும் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார், அந்த இரண்டு புள்ளியிலும் விரலை வைத்துத் தூக்கினால் கிளைடர் மட்டமாக நிற்க வேண்டும். வால் கனத்திருந்தால் வால் தொங்கும். தொங்கும், மச்சான் கேட்பார், நான் சொல்லிவிடுவேன், நல்லதுதான், நானாகச் சொல்ல வேண்டியதில்லை, வாலே சொல்லிவிடும். அவர் இரண்டு விரலில் தூக்குகிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். மட்டமாக நிற்கிறது. நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. "சரியா இருக்குதுங்களா?" என்கிறார் என் முகத்தைப் பார்த்து. "சரியா இருக்குதுங்க மச்சான்." எப்படிச் சரியாக இருக்கும்?

எப்படியோ இருக்கிறது, விடு, இது கடவுள் கொடுத்த வழி என்று மனசுக்குள் ஒருத்தன் சொல்கிறான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். பிரஸ்ஸில் என் கையில் புரூப்பைக் கொடுத்தபோதும் அவன்தான் கூட நின்றான். ஏழு வருஷம் முன்னால் என் மகள் கோகிலா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தோம். வசந்தாமணி தன் கையால் பட்டியல் எழுதிக் கொடுத்தாள், முதல் வரி தாய்மாமன் அர்த்தநாரி, அதற்கப்புறம்தான் மற்றவர்கள். பிரஸ்காரன் அந்த வரியைக் கோட்டைவிட்டான். புரூப்பை ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் வண்டியை ஆப் பண்ணாமலே வாங்கி, மாப்பிள்ளை பெயர் சரி, மண்டபம் சரி, தேதி சரி என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். எண்ணூறு பத்திரிகை வந்து இறங்கியபிறகுதான் தெரிந்தது. திரும்ப அடிக்க நாலு நாள் இருந்தது. வசந்தாமணியிடம் சொல்லியிருந்தால் நாலே நாளில் அடித்திருப்பாள், பிரஸ்காரன் தலைமேல் உட்கார்ந்து அடிக்கவைத்திருப்பாள். நான் சொல்லவில்லை. இத்தனை பெயர் நடுவில் யார் கவனிக்கப்போகிறார்கள் என்றான் அந்த மனசுக்குள் இருக்கிறவன். தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகையை எவன் கவனிக்காமல் இருப்பான்? வந்து விசாரித்தவர்களிடம் பிரஸ்ஸில் புரூப்பே காட்டவில்லை என்றேன். அந்த மாப்பிள்ளை வேண்டாமே என்று மச்சான் முன்பு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார், அந்தக் கோபத்தில் தங்கைதான் தன் பெயரை நீக்கிவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் சீரை ஒரு ஒன்றுவிட்ட பங்காளி கொண்டுவந்து வைத்தார். ஒரு அச்சுப் பிழைக்காக அண்ணன் என்னை வேண்டாம் என்றுவிட்டானே என்று இவள் மண்டபத்தின் சாமான் அறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். நான் அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தேன். சோடா! ஏழு வருஷம் இருவருக்கும் பேச்சில்லை. போன ஆவணியில் பிளேன் விடுகிற மைதானத்தில் நான் என் தெர்மோகோல் பிளேனோடு நிற்கிறேன், மச்சான் பாதி செய்த கிளைடரோடு வந்து நிற்கிறார். பத்து நிமிஷம் இரண்டு பேரும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம், வானத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு அவர்தான், "மாப்ள, பேட்டரி எத்தனை வோல்ட்டுங்க?" என்றார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் சேர்ந்து கிளம்புகிறோம். வசந்தாமணிக்குத் தெரியும். ஒன்றும் கேட்க மாட்டாள். எனக்கு மட்டும் என்று இரண்டு டப்பா நிறையச் சந்தகை கட்டித் தருவாள். மச்சான் ஒன்றும் சொல்லாமல் ஒரு டப்பாவைக் காலி பண்ணுவார். இந்த அளவுக்கு வந்திருக்கிறது, இதை உடைக்கச் சொல்கிறீர்களா? வால் உடைந்தது என்று சொன்னால் பொய் சொன்னது வரும், பொய் என்று வந்துவிட்டால் அவர் ஒவ்வொன்றாக எடுத்து எடை போடுவார்.

"ஏனுங், ரெடிங்களா?" ரெடி என்கிறேன். ரிமோட்டைப் போட்டு, கிளைடரில் சுவிட்சைப் போட்டு, குச்சியை இடம் வலம் அசைக்கிறேன், வால்மடிப்பு சரியாக அசைகிறது, என் பசைக்கு மேலேயே அசைகிறது. மச்சான் வயரின் முனையில் இருக்கிற சின்னப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்கிறார், அதில் சிவப்புப் பொத்தான். பேலன்ஸ் சரியாக இருக்கலாம், ஆனால் ஒட்டு தாங்குமா, ஆறு செகண்ட் அந்த வேகத்தில் போகும்போது வால் தனியாகவும் உடம்பு தனியாகவும் போனால்? அப்புறம் அது எங்கே வேண்டுமானாலும் போகும். மச்சான் தலையைத் தூக்கி ஒரு கண்ணை இடுக்கிக் கம்பியைப் பார்த்தபடி நிற்கிறார், துண்டைத் தோளில் ஒழுங்காக மடித்துப் போட்டிருக்கிறார், காலையிலேயே சவரம் செய்திருக்கிறார், இதற்காக. "அந்தம்மாகிட்ட ஆட்டை ஓட்டிக்கச் சொல்லிட்டீங்களா?" சொல்லியாச்சுங்க. "காத்து?" இல்லீங்க, எலைகூட அசையல. "ஒம்போதுக்கு மேல கெளம்பிரும். அதுக்குள்ள உட்டுப்போடோணும். எண்ணட்டுங்களா?" எண்ணுங்க. இப்போது சொல். "அஞ்சு." கட்டைவிரல் குச்சியின்மேல் இருக்கிறது, வியர்வையில் வழுக்குகிறது, மார்கழியில் வியர்வை. "நாலு." மட்டமாக நின்றதே, தொங்கவில்லையே, ஒன்றும் ஆகாது. "மூணு." ஒன்றும் ஆகாது என்றுதான் பத்திரிகையையும் நினைத்தேன். "ரெண்டு." "மச்சான் நிறுத்துங்க! நிறுத்துங்க, அமுக்காதீங்க, வாலை நான் ஒடைச்சுட்டேனுங்க!" என் குரலா அது, ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கின்றன. சொல்ல ஆரம்பித்துவிட்டால் நிற்க மாட்டேன் என்கிறது, அளவுக்கல், மூன்றாவது வீச்சு, பக்கெட் பசை, நூல், பெயிண்ட், இருபது தடவை வீசவில்லை, ஒட்டியபிறகு இரண்டே தடவை வீசினேன், தேரும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் பொய்யுங்க மச்சான்.

மச்சான் பெட்டியைக் கீழே வைக்கிறார். நிதானமாகச் சட்டைப்பையில் கையை விட்டு ஒரு சின்னச் சாவியை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டுகிறார். "இத அந்தப் பொட்டில போட்டாத்தான் மாப்ள கரண்ட்டு போகும். நான் போடவே இல்ல." எனக்குப் புரியவில்லை. "புதங்கெழமையே எடை போட்டுப் பாத்தனுங்க. ஒம்போது கிராம் கூட. எங்கடா வந்துச்சுன்னு தடவிப் பாத்தா வாலு. ஒட்டு கெட்டியாத்தான் இருக்குது, இழுத்துப் பாத்தேன், நூல் சுத்துனது நல்ல காரியம். மூக்குக்குள்ள பன்னெண்டு கிராம் ஈயத்த வெச்சு நேர் பண்ணிப்போட்டேன்." அப்போ அந்த வீடியோ? "நீங்களாச் சொல்லுவீங்கன்னு அனுப்புனேன். நீங்க கட்டைவிரலப் போட்டு அனுப்புனீங்க." ஆமாம், அனுப்பினேன். நான் சொல்லாமலே இருந்திருந்தால்? "பொத்தான அமுக்கியிருப்பேன். ஒண்ணும் ஆயிருக்காது. கருமருந்து நமுத்துப் போச்சுங்க மாப்ளன்னு சொல்லி எல்லாத்தையும் மடிச்சு எடுத்துட்டு ஊட்டுக்குப் போயிருப்பேன்." ஊட்டுக்குப் போயிருப்பேன் என்பதை அவர் சொன்ன விதத்தில் அடுத்த ஞாயிறு என்பது இல்லை. எனக்கு ஒரு நொடி சுர்ரென்று கோபம் வருகிறது, பெரிய மனுஷன், நாலு நாளாக என்னைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார், வியாழக்கிழமையிலிருந்து நான் தூங்கவில்லை. கோபத்தின் அடியிலேயே வேறொன்று, சிரிப்பா அழுகையா தெரியவில்லை, நெஞ்சுக்கூட்டில் யாரோ சன்னலைத் திறந்துவிட்டார்கள். அந்தக் காற்றில்தான் வந்துவிட்டது, நான் நினைத்துச் சொல்லவில்லை, "பத்திரிகை புரூப்பும் நான்தானுங்க மச்சான் பாத்தேன்." எந்தப் பத்திரிகை என்று அவர் கேட்கவில்லை. "வசந்தா எழுதிக் குடுத்த லிஸ்ட்டுல மொதப் பேரே உங்களுதுதானுங்க. அச்சுல உட்டுப்போச்சு. நான் பாக்காமக் கையெழுத்துப் போட்டேன். அப்பறம் தெரிஞ்சும் சொல்லல. அவளுக்கே தெரியாதுங்க." இதை அவர் எடை போட்டிருக்கவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. துண்டை எடுக்கிறார், மறுபடி தோளிலேயே போடுகிறார், குனிந்து ஒரு கல்லை எடுத்துத் தூரப் போடுகிறார். கரைமேல் அந்த அம்மாள் போனில் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. "மொதப் பேரா?" என்கிறார். ஆமாங்க. "அவ கையாலயா?" ஆமாங்க மச்சான். "ஏழு வருசமுங்க மாப்ள" என்கிறார், போய்விடுவார் என்றே நினைக்கிறேன், போகட்டும், போனாலும் சரி, என்னிடம் இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்பதே எனக்குப் பெரிய சுகமாக இருக்கிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், சுகமாகத்தான் இருக்கிறது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொள்கிறார். "அவகிட்ட நீங்களே சொல்லிப்போடோணும். இன்னிக்கே." சரிங்க. "ரிமோட்டப் புடிங்க. காத்து வந்துரும்." குனிந்து, பெட்டியில் சாவியைப் போட்டுத் திருப்புகிறார். ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. முதலிலேயே அது எரியவில்லை என்பதைக் கவனிக்காமல் நின்றிருக்கிறேன், இருபத்தாறு வருஷ சோதனைக்காரன்.

அஞ்சு நாலு மூணு ரெண்டு ஒண்ணு என்று இந்தத் தடவை ஒரே மூச்சில் எண்ணுகிறார், புஸ்ஸ்ஸ் என்று வெள்ளைப் புகை, கம்பியில் இருந்தது இல்லை, அது மேலே. கட்டைவிரலே, சும்மா இரு, துளி அசை, துளி மட்டும், புதியவர்கள் எல்லோரும் இந்த ஆறு செகண்டில் பயந்து குச்சியை இழுத்துத்தான் கெடுக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். "எங்க இருக்குதுங்க, சொல்லுங்க, எனக்குப் பொகதான் தெரியுது" என்று மச்சான் என் முழங்கையைப் பிடிக்கிறார், நான் சொல்கிறேன், நேராப் போகுதுங்க, எடது பக்கம் லேசா சாயுது, சரி பண்ணிட்டேன், நேராப் போகுது, வால் இருக்குதுங்க மச்சான், வால் அங்கயேதான் இருக்குது. ஆறு செகண்ட் இவ்வளவு நீளம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சத்தம் நின்றது. புகை நின்றது. அண்ணாந்து பார்த்தால் நீலத்தில் ஒரு கறுப்புப் பொட்டு, சிலுவை வடிவம், அசையாமல் தொங்குகிறது, மூக்கைக் கொஞ்சம் கீழே தள்ளு, தள்ளினேன், தயங்குகிறது, குட்டிக்கரணமா, இல்லை, இல்லை, இறக்கைக்குக் காற்று கிடைத்துவிட்டது, மிதக்கிறது. "மெதக்குதுங்க மச்சான்!" "நெசமாவா?" "நெசமாலுமுங்க." நெசமாவா என்று அவர் கேட்டதும் நெசமாலும் என்று நான் சொன்னதும், இந்த இரண்டு வார்த்தைக்காகவே இதைச் செய்தோமோ என்னவோ. வலப்பக்கம் ஒரு வட்டம், அடி வயிறு கறுப்பு தெரிகிறது, முதுகு ஆரஞ்சு தெரிகிறது, கறுப்பு ஆரஞ்சு கறுப்பு, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எனக்குத் தெரிவதற்காக அவர் இரண்டு நிறம் அடித்தது. உள்ளங்கை காய்ந்துவிட்டது. பசிக்கக்கூடச் செய்கிறது. எனக்குக் கண் கலங்குகிறது, இப்போது கலங்கினால் கிளைடர் தெரியாது, அப்புறம் கலங்கிக்கொள்ளலாம். மச்சான் என் முழங்கையை விடவில்லை, ஒவ்வொரு வட்டத்துக்கும் நான் சொல்லச் சொல்ல, அவர் பார்க்காமலே அந்தத் திசைக்குத் தலையைத் திருப்புகிறார்.

இறக்குவதைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதிவைப்பதில்லை, எல்லோருக்கும் ஏற்றுவதில்தான் ஆசை. நாலாவது வட்டத்தில் உயரம் குறைந்துவிட்டது, எங்களுக்கு முன்னால் புல்லில் இறக்கிவிடலாம் என்று என்னைப் பார்த்துத் திருப்பினேன், திருப்பின உடனே இடம் வலமாகிவிட்டது, வலம் இடமாகிவிட்டது, எதிரே வருகிற வண்டிக்கு இது சகஜம், படித்ததுதான், கைக்குத் தெரிய வேண்டுமே. இடப்பக்கம் தள்ளினால் அது எனக்கு வலப்பக்கம் போகிறது, பதறி இன்னும் தள்ளினேன், இன்னும் போகிறது, தலைக்கு மேலாகப் போய், ஆடுகளைத் தாண்டி, குளத்தின் மறுகரையில் வேலிகாத்தான் புதருக்குள் போய் மறைந்தது. "எறங்கிருச்சுங்களா?" எறங்கிருச்சுங்க, நீங்க இங்கயே இருங்க, முள்ளு இருக்குது, நான் எடுத்துட்டு வர்றேன். ஓடுகிறேன். கால் கிலோமீட்டர் இருக்கும், ஐம்பத்தோரு வயதில் ஓடுகிறேன், மூச்சு வாங்குகிறது, சிரிப்பும் வருகிறது. முள் சட்டையைப் பிடித்து இழுக்கிறது, உள்ளே நுழைந்து பார்த்தால் ஒரு கிளையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. வால் முழுசு. மூக்கு முழுசு. இடது இறக்கை நடுவில் ஒடிந்து, மேலே ஒட்டியிருக்கிற தாளில் தொங்குகிறது, நுனியிலும் ஒரு விரிசல். சுற்றும் முற்றும் பார்க்கிறேன். அந்தப் பழைய பழக்கம், கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. யாரும் இல்லை. புதர் மறைக்கிறது, மச்சானுக்கு இந்தத் தூரம் தெரியாது, முள்ளில் மாட்டிக் கிழிந்தது என்றால் கிழிந்ததுதான். மனசுக்குள் இருக்கிறவன் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறான். நான் கிளைடரைத் தூக்கிக்கொண்டு புதரைவிட்டு வெளியே வந்து, வெட்டவெளியில் நின்று, அதைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிக் கத்துகிறேன். "மச்சான்! றெக்க ஒடைஞ்சு போச்சுங்க! நான்தான் ஒடைச்சேன்! திருப்பத் தெரியாமத் திருப்பிப்போட்டேன்! ரெண்டு எடத்துல!" கத்துவது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் ஏழு வருஷம் முன்னாலேயே கத்தியிருப்பேன். மச்சான் அங்கே அசையாமல் நிற்கிறார், கேட்கவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை கத்துவதற்கு மூச்சை இழுக்கிறேன், அதற்குள் அவர் ஒரு கையை உயர்த்தி, இருங்க என்று காட்டுகிறார். மறு கை காதில் இருக்கிறது. காதில் போன். முகத்தைத் துண்டால் ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தூரத்தில் இருப்பவர்களோடு பேசும்போது குரலை உயர்த்தியே பேச வேண்டும் என்று நினைக்கிற தலைமுறை ஆள், குளம் முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசுகிறார்.

"அழுகாத கண்ணு. ஒண்ணுமில்ல வசந்தா, மாப்ள றெக்கைய ஒடைச்சுப்போட்டாராமா, அதான் அங்கிருந்து கத்தறாரு."